இடப்பக்கம் சுழன்ற புரதம்

முதுகலைத் தமிழ் இலக்கியம் படித்த காலத்தில், கோவைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் பகுதிநேரமாக வரைபடம் நகலெடுக்கச் சேர்ந்தேன். திருத்தமான கையெழுத்து ஒன்றே என் தகுதி. முதல் நாள் வேலையை விளக்கியவர் சோமனூர் மல்லிகா அக்கா. அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக் காலம் முடிய ஒரு மாதமே இருந்தது.

புரதக் கிறிஸ்டலில் எக்ஸ்ரே பாய்ச்சினால் படத்தில் புள்ளிகள் விழும். புள்ளியின் அடர்த்தியை அளந்துவிடலாம். அந்த அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது, அதாவது ஃபேஸ், படத்தில் பதியாது. அது இல்லாமல் புரதத்தின் வடிவம் கிடைக்காது. அக்கா கிறிஸ்டல்களைப் பாதரச உப்புக் கரைசலில் ஊறவைத்து, புள்ளிகள் மாறிய அளவிலிருந்து ஃபேஸைக் கணக்கிட்டார். ஊறியவற்றில் வெடிக்காமல் நின்றவை இரண்டே. அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

கணக்கின் முடிவு, புரதத்தைக் குறுக்காகச் சீவி வைத்தது போல, பதினெட்டு அடுக்கு வரைபடங்களாக வந்தது. ஒவ்வொன்றையும் ஒளிபுகும் ஷீட்டில் மையால் நகலெடுத்து, எண்ணிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

அக்கா நெடுநேரம் குனிந்து பார்த்தார். எந்தப் புரதத்திலும் வலப்பக்கம் சுழல வேண்டிய சுருள்கள் இதில் அனைத்தும் இடப்பக்கம் சுழன்றன. பாதரசத்தின் இருப்பிடத்துக்கு இரண்டு விடைகள் உண்டு, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். தவறானதை எடுத்திருக்கலாம் என்றார் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர். மீண்டும் கணக்கிட, அப்போது சென்னையில் இருந்த பெரிய கணினியில் முறை வாங்க வேண்டும். அதற்குள் மாதம் முடிந்துவிடும்.

"மறுபடி மொதல்ல இருந்துங்களா சார்?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

மறுநாள், ஏழாம் ஷீட்டில் எண் கோணலாக இருந்ததால் ஈரத்துணியால் துடைத்தேன். எண் அழிந்தது. அதன் மேலேயே ஓடிய கோடு அழியவில்லை. கோடும் எண்ணும் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. அரைகுறையாக உலர்ந்த மையில் கை படாதிருக்க ஷீட்டைத் திருப்பி, சுத்தமான பக்கத்தில் எண்ணிட்டு, எண் மேலே தெரியும்படி அப்படியே அடுக்கியிருந்தேன். கோடுகள் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டன.

சொன்னால் வேலை போகலாம். அக்கா அப்போது சென்னைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு கணக்குல இல்லீங்க. நாந்தான் ஷீட்டத் திருப்பி வெச்சுப்போட்டனுங்க."

"எத்தன ஷீட்டு அம்மணி?"

"பதினெட்டுமுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "பாதிய மட்டும் திருப்பியிருந்தீன்னா சுருளே தெரிஞ்சிருக்காது. தப்பக்கூட ஒழுங்காச் செஞ்சுபோட்டயே கண்ணு."

இருவருமாக ஒவ்வொரு ஷீட்டாகத் திருப்பி, அதே வரிசையில் அடுக்கினோம். சுருள்கள் வலப்பக்கம் சுழன்றன. கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு, ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினார். எனக்கு வேலை போகவில்லை.

அதன்பின் எந்த ஷீட்டிலும் கோடு போட்ட பக்கத்திலேயே எண்ணிட்டேன். மை உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.