முந்தின நாளே அடித்த கூட்டக் குறிப்பு

அலுவலகத்தில் அவளை ‘மெஷின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடச் சுருக்கெழுத்தில் ஒரு பிழை கிடையாது. அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் இருந்தாள், பாவி.

சாலைக்காக வீடுகளை எடுக்குமுன் குடியிருப்பவர்களைக் கூட்டிவைத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டார்கள், சும்மா சொல்லக் கூடாது. நாற்காலி போட்டு, மைக் வைத்து, தேநீர் கொடுத்துக் கேட்டார்கள். கூட்டக் குறிப்பை மட்டும் முந்தின நாளே டைப் அடித்துவிடுவார்கள். ‘விரிவாக விவாதிக்கப்பட்டது. ஆட்சேபணை ஏதுமில்லை.’ வந்தவர்கள் எண்ணிக்கைக்குத்தான் இடம் விட்டிருக்கும். வேலை மிச்சமாகும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே மெஷின்தான்.

இந்த முறை பட்டியலில் அவள் அக்காவின் வீடும் இருந்தது. கூட்டத்துக்கு வந்து பேசு, சட்டம் நம் பக்கம் என்று அக்காவைக் கிளப்பிவிட்டவள் அவள். ஆனாலும் கை பழக்கத்தில் குறிப்பை அடித்து மேஜையில் வைத்திருந்தாள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு.

வீட்டில் வாயே திறக்காத அக்கா மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினாள். மூடிக்கிடக்கும் ஆலையின் காலி மனை வழியாகச் சாலையைத் திருப்பினால் ஒரு வீடும் போகாது என்று அடிக்கணக்கோடு சொன்னாள். பொறியாளரே தலையாட்டினார். மெஷின் ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

திரும்பி வந்தால், அதிகாரி பழைய குறிப்பில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். மாற்றி அடிக்கட்டுமா என்று கேட்டாள்.

“அதான் கேட்டாச்சேம்மா. இனிமே என்ன?”

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். கையெழுத்தான பின் சுருக்கெழுத்துத் தாள்களைக் கிழித்துப்போடுவது அவள் வழக்கம். அன்றும் கிழித்தாள். என்ன செய்கிறோம் என்று உறைத்தபோது கூடையில் துண்டுகள்தான் கிடந்தன.

அக்கா வழக்குப் போட்டாள். தெருவே வந்து சாட்சி சொன்னது. நீதிபதி குறிப்பைப் புரட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத ஆவணம், மக்களைக் கேட்டாகிவிட்டது, சட்டம் நிறைவேறியது என்று தீர்ப்பு எழுதினார்.

வெளியே படிக்கட்டில் அக்கா அழவில்லை.

“நீ எழுதுறதைப் பார்த்துத்தான்டி எனக்குப் பேசவே தைரியம் வந்துச்சு. அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டேன், மேல்கோர்ட்டுக்குப் போகலாம்.”

மெஷின் படியிறங்கி நடந்தாள். கிழித்துவிட்டேன் என்பதை, வீட்டை இடித்த அன்றுதான் அக்காவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அக்கா அவளோடு பேசவே இல்லை.