மச்சான் கடலுக்குள் கொண்டுபோன சொற்கள்

அந்த டியூப் மஞ்சள் நிறம். வெயிலும் உப்பும் தின்று மங்கிப்போன மஞ்சள். ஒரு முனை படகில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரில் மாட்டியிருக்கும். மறுமுனை, தண்ணீருக்கு அடியில், என் மச்சானின் பல்லிடுக்கில் இருக்கும். நடுவில் ஒரு முழம் என் கையில். அவர் கீழே மூச்சை இழுக்கும்போது டியூப் லேசாக அதிரும். எஞ்சினின் அதிர்வு வேறு, இது வேறு. முதல் நாள் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு, அது ஒரு கணம் நின்றாலும் என் நெஞ்சும் கூடவே நின்றது.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர். நான் அப்போது ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, எந்த வேலைக்கு எழுதிப்போட்டாலும் பதில் வராமல், வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் திரிந்துகொண்டிருந்தேன். டியூப் பிடிக்க என்னைக் கூப்பிட்டதற்கு நான் சும்மா இருந்தது மட்டும் காரணமில்லை. எங்கள் கரையில் முங்குகிறவனுடைய கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். கூடப் பிறந்த தம்பியையே நம்பமாட்டார்கள். அண்ணன் போய்விட்டால் வீடும் படகும் யாருக்கு என்று ஒரு கணக்கு அவன் மனதில் ஓடலாம். மச்சினனுக்கு அப்படி ஒரு கணக்கு வராது. தன் அக்கா தாலியறுத்து நிற்பதை எவன் பார்க்க விரும்புவான்? கயிறு போய் டியூப் வந்தது. பிடிக்கிற கை மாறவில்லை.

சொற்கள் இதற்குள் வந்தது அக்காவால்தான். நாங்கள் கிளம்பும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று ஒரே வார்த்தை சொல்வாள்: "பாத்து." ஒருநாள் படகில் மச்சான் கேட்டார், "ஏலே மாப்ள, உங்கக்கா சொல்லுதாளே, அதுக்கு இங்கிலீசுல என்னலே?"

"ஒண்ணா ரெண்டா மச்சான், ஒரு கூடை இருக்கு."

"அப்போ தெனம் ஒண்ண எடுத்து விடு. கீழ போற வழியில பேச்சுத்துணைக்கு ஆவும்."

அப்படி ஆரம்பித்தது. முகக்கண்ணாடியை மாட்டுவதற்கு முன் அவர் என்னைப் பார்ப்பார். நான் ஒரு சொல்லையும் அது பிறந்த கதையையும் சொல்வேன். அதோடு இறங்குவார். ஏறி வந்ததும் சங்குப் பையைப் படகில் தட்டிவிட்டு, அந்தச் சொல்லுக்குத் தீர்ப்புச் சொல்வார். ப்ரூடன்ட் என்றால் விவேகமுள்ளவன், அதன் லத்தீன் வேருக்கு, வருவதை முன்கூட்டியே பார்க்கிறவன் என்று பொருள், நம் ப்ராவிடன்ட் ஃபண்டில் இருக்கிற சொல்லும் அதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றேன். ஏறி வந்தவர், "சங்கு குளிக்கவனுக்கு ஏதுலே பி.எஃப்.?" என்று வாயைக் கொப்பளித்தார். சர்க்கம்ஸ்பெக்ட் என்றால் நாலாபக்கமும் சுற்றிப் பார்க்கிறவன் என்றேன். "கீழ கலங்கிக் கெடக்கு. சுத்திப் பாத்தா ஒரு மண்ணும் தெரியாது. தடவத்தான் செய்யணும். வெள்ளக்காரன் முங்கியிருக்க மாட்டான்" என்றார். ஷ்ரூட் என்ற சொல் ஒரு காலத்தில் கெட்டவனைத்தான் குறித்தது, போகப்போகத்தான் சாமர்த்தியசாலி என்று மரியாதை பெற்றது என்றபோது படகே ஆடும்படி சிரித்தார். "நம்மகிட்ட சங்கு வாங்குத யாவாரி அண்ணாச்சிய பாத்துத்தான் மாத்திருக்கான். கையில நாலு காசு சேந்தா கெட்டவனும் சாமர்த்தியசாலிதான்."

காஷனுக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் எச்சரிக்கை என்ற பொருளில் வரவில்லை, பிணை என்ற பொருளில்தான் வந்தது. இவனுக்கு நான் பொறுப்பு என்று ஒருவன் முன்னால் வந்து நிற்பது. கல்லூரியில் சேரும்போது வாங்குகிறார்களே காஷன் டெபாசிட், அதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அன்றைக்கு அவர் ஏறி வர வழக்கத்தைவிட நேரமானது. வந்து, படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்று, "அப்போ நீதாம்லே எனக்குக் கட்டின டெபாசிட்டு" என்றார். நான் குனிந்து டியூபைச் சுருட்டத் தொடங்கினேன்.

பிறகு சென்னையிலிருந்து வேலை வந்தது. ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் ஒரு செயலிக்குச் சொற்களின் கதையை எழுதுகிற வேலை. எனக்கென்றே யாரோ செய்துவைத்தது போலிருந்தது. ஆனால் எனக்கு உடன்பிறந்தவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு நான் ஒருவன்தான். நான் போனால் டியூப் பிடிக்க முறையான கை கிடையாது. சோறு வைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கும்படியே மச்சானிடம் அதைச் சொன்னேன்.

"போலே. வார்த்தைக்குச் சம்பளம் குடுக்காம்னா விடலாமா? எந்தம்பி இருக்காம்லா" என்றார் மச்சான்.

அக்கா கரண்டியை வைத்தாள். "அவன் டியூப்ப பிடிச்சா நீங்க எறங்கக்கூடாது."

"அவன் என்னைக் கொன்னுருவானா?"

"கொல்ல மாட்டான். நான் இங்கன உக்காந்து செத்துக்கிட்டிருப்பேன்."

அந்த வாரமே மச்சான் கம்ப்ரசரைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார். துறைமுகத்தில் கப்பலின் கன்டெய்னர்களைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற ஒப்பந்த வேலைக்குப் போகத் தொடங்கினார். என்னைப் பேருந்தேற்ற வந்தவர், "நிலத்துலயும் சோலி இருக்கத்தான செய்யுது" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் பையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சென்னையில் என் அறை ஒரு மாடியின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகலெல்லாம் சொற்களோடு இருந்தேன். எழுதியதை எத்தனையோ ஆயிரம் பேர் படித்தார்கள் என்று திரையில் எண் ஓடும். அவர்களில் ஒருவர்கூட ஏறி வந்து தீர்ப்புச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் மச்சானை அழைத்து ஒரு சொல்லைச் சொல்வேன். "ம்" என்பார். "இங்கன ஒரே சத்தம் மாப்ள, மண்டையில ஏற மாட்டேங்கு." கொஞ்ச நாளில் நான் சொல்வதை நிறுத்தினேன்.

ஒருநாள் காலை, அலுவலகத்தில், கேர்ஃபுல் என்ற சொல் எனக்கு ஒதுக்கப்பட்டது. இத்தனை நாள் அதைச் சாதாரணம் என்று ஒதுக்கியிருந்தேன். தேடிப் பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் கேர் என்றால் துக்கம். கேர்ஃபுல் என்றால் துக்கம் நிறைந்தவர். ஒருவரைப் பற்றிய துக்கத்தைச் சுமக்கிறவர்தான் நாளடைவில் கவனமானவர் ஆகியிருக்கிறார். மச்சான் வேலையில் இருப்பாரே என்றுகூட யோசிக்காமல் அழைத்தேன்.

அக்கா எடுத்தாள். பின்னால் எஞ்சின் சத்தம். அதற்கும் பின்னால் தண்ணீர் பலகையில் அடிக்கும் சத்தம்.

"அவரு கீழ இருக்காரு. என் கையில டியூப் இருக்கு. வைலே போன."

வைத்துவிட்டாள்.

அன்று மாலை அவளே அழைத்தாள். துறைமுகத்தில், பக்கத்துத் தளத்தில் இறக்கும் நிலக்கரியின் தூசியில் அவருக்கு மூச்சு முட்டியதாம். கடலுக்கு அடியில் மூச்சு வாங்குகிறவர், தரையில் வாங்க முடியவில்லை என்று வந்து உட்கார்ந்துவிட்டாராம். "நானே வாரேன்னுட்டேன்" என்றாள் அக்கா.

"கரையில ஒண்ணும் சொல்லலியா? பொம்பள படகேறலாமான்னு?"

"ஏசுதாவ. ஏசிட்டுப் போட்டும். எந்தாலிக்கு நீ காவலிருந்தே. நான் இருக்கக்கூடாதா?"

மச்சான் போனை வாங்கினார். குரலில் பழைய ஈரம் திரும்பியிருந்தது. "இப்போ யாரு மச்சான் வார்த்தை சொல்லுதா?" என்று கேட்டேன்.

"வார்த்தை என்ன வார்த்தை. அவ முறைக்கா, நான் எறங்குதேன்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து, போனை வைத்து, அறையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம்தான். அக்காவை நினைத்துப் பெருமைகூட. ஆனால் என் இடது கை, எதையோ பிடித்திருப்பது போல, பாதி மூடியபடியே இருந்தது. விடுமுறைக்குப் போனபோது நானும் வரட்டுமா என்று கேட்டேன். "உன் கண்ணு ஒரு எடத்துல நிக்காதுலே, நீ கரையில இரி" என்றாள் அக்கா. படகு சிறுத்து மறையும்வரை பார்த்தேன். அங்கிருந்து அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டியூப் பிடிக்கிறவள் பார்க்கவும் கூடாது.

கேர்ஃபுல் பிறந்த கதையை இன்னும் மச்சானிடம் சொல்லவில்லை. அது அவருக்கான சொல் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அக்காவுக்கான சொல்; அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதை எழுதும்போது காலை பதினோரு மணி இருக்கும். கடல் தெளிந்திருக்கும் மாதம். மச்சான் கீழே இருப்பார். போன் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் நான் அழைக்கக்கூடாது.