நான் போடாத 'ங்க'

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த சமயம். பீளமேட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நானும் என் தோழியும் ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகக் குடிமக்கள் கல்வி. அதாவது, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசவைத்து, உலகத்தில் எல்லாரும் நம்ம ஆட்கள்தான் என்று புரியவைப்பது. ஆபீஸ், என் வீட்டு மாடி. "இதுல பாஸ்போர்ட் எடுத்துக் குடுப்பீங்களா அம்மணி?" என்று பெரியப்பா கேட்டார்.

நாங்கள் ஏறி இறங்காத பள்ளி இல்லை. எல்லா இடத்திலும் காபி கொடுத்து, "பார்க்கலாமுங்க" என்று அனுப்பிவைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு தலைமையாசிரியை மட்டும், "ஒரே ஒரு கிளாஸ் எடுங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கறேன். புடிச்சுதுன்னா வருசம் பூரா எடுங்க, இல்லீன்னா உட்டுருங்க" என்றார். இதுவும் போனால் கடையைக் கட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு. கென்யாவில் ஒரு பள்ளி லைனில் காத்திருக்கிறது. எங்கள் புரொஜெக்டருக்கோ கரண்ட் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வராந்தாவில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்த ஒடிசாக்காரர் ஜன்னல் வழியே தெரிந்தார். "ஏய், இங்க வா! இந்த பிளக்கப் பாரு" என்று கத்தினேன். வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ரெண்டே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். மறுபடி கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று, "அங்கயே நில்லு" என்று கதவோரம் நிறுத்திவைத்தேன்.

திரையில் படம் வந்ததும் எனக்குத் தெம்பும் வந்துவிட்டது. பேசக் கிடைத்தால் என்னைப் பிடிக்க முடியாது. எங்கள் ஊர்ப் பேச்சின் மரியாதையிலிருந்து ஆரம்பித்தேன். நாங்கள் எல்லாருக்கும் 'ங்க' போடுவோம், நடக்கப் பழகும் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்றுதான் கூப்பிடுவோம் என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். கென்யப் பிள்ளைகள் "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பார்க்க, எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"ஏனுங்க மிஸ், கென்யாக்காரங்களுக்கெல்லாம் 'வாங்க' சொல்லிக் குடுத்தீங்க. பிளக்க சரிபண்ணுன அண்ணன மட்டும் ஏனுங்க மிஸ் 'வா'ன்னு கூப்புட்டீங்க?"

அவள் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. கணக்கில் ஒரு படி புரியாத மாதிரிதான் கேட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று கென்ய ஆசிரியை வேறு விசாரித்தார். 'ங்க'வுக்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடையாது, ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. நான் செய்ததை அந்த ஆசிரியையிடம் அப்படியே சொன்னேன்.

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "தப்புங்க. மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அய்யோ, பரவால்லீங்க மேடம்" என்றார் அவர். இங்கே வந்து ரெண்டு வருடத்தில் அவருக்கு 'ங்க' பழகியிருக்கிறது. பிறந்ததிலிருந்து பேசுகிற எனக்குத்தான் அவரைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் அவரை முன்னால் அழைத்தார்கள். அவர் ஊரில் வாங்க, போங்க என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு, கென்யப் பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும், அவ்வளவுதான் நம் நிறுவனம் என்று வயரைச் சுருட்டினேன். தலைமையாசிரியை வந்தார். "கிளாஸ் நல்லாருந்துச்சுங்க. நீங்க எடுத்தத சொல்லல, அந்தப் புள்ள எடுத்தத சொல்றேன். அடுத்த வாரமும் வந்துருங்க."

இன்று தொண்டாமுத்தூர் வரைக்கும் எங்கள் வகுப்புகள் நடக்கின்றன. இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால், இந்தப் பள்ளிக்குள்ளேயே 'ங்க' போடாமல் நாம் கூப்பிடுகிறவர்கள் யார் யார் என்று எழுதச் சொல்வோம். நானும் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன். என் தாள் இன்னும் ஒருமுறைகூட வெறுமையாக இருந்ததில்லை.