கதவு எந்தப் பக்கம் திறக்கும்

முருகையா அண்ணனின் அழைப்பு வந்தபோது மகளுக்கு ஒரு காலில் மட்டும் காலுறை மாட்டியிருந்தேன். காலை ஏழரை மணிக்கு அவர் அழைக்கும் வழக்கமில்லை. எடுத்ததும் சொன்னார்: "மிஸ், லாயரம்மா தவறிட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்களாம். மத்தியான லுஹர் தொழுகைக்கப்புறம் அடக்கம்." கூடவே, "பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டுப் பொறுமையா வாங்க. ஓடி வராதீங்க" என்றார்.

சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து பிடோக் வரைக்கும் பேருந்தில் நின்றுகொண்டே போனேன், இடம் இருந்தும். வழக்கறிஞர் ஜைனப்பின் வீட்டு வாசலில் லிஃப்ட் வரைக்கும் செருப்புகள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய கட்சிக்காரர்கள். கப்பல் பட்டறைத் தூசியில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள், சலவைக்கூடத்து ஆவியில் நின்றவர்கள், பக்கத்துத் தொழிற்கூடத்துப் புகை தாங்காமல் வழக்குப் போட்டவர்கள். ஒருவரையொருவர் பெயர் கேட்கவில்லை. "நீங்க எந்தக் கேஸு?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். என்னையும் ஒரு பெரியவர் கேட்டார். "நான் எதிர்த்தரப்பு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருடைய கட்சிக்காரர்களான நீங்களெல்லாம் அவரை உங்கள் பக்கத்தில் நின்று அறிந்தவர்கள். நான் எதிரே நின்று அறிந்தேன். அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அப்போது துவாஸில் ஓர் உலோகப் பாகத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. பொறியியல் படித்த தைரியமும் முதல் வேலைப் பயமும் சம அளவில் இருந்தன. அங்கே பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க ஒரு திரவம் உண்டு. கழுவும் அறை என்று தனியாக ஓர் அறை. அதில் புக்கிட் மேராவில் குடியிருக்கும் முருகையா அண்ணன் வேலை பார்த்தார். ஒரு நாள் காய்ச்சல் என்று போனவர் வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். தோல் உரிந்தது, கல்லீரல் கெட்டது. அந்தத் திரவத்தின் ஆவிதான் காரணம் என்று ஜைனப் வழக்குத் தொடுத்தார். காற்றை உறிஞ்சும் குழாய்கள் ஒழுங்காக வேலை செய்தன, அறைக் காற்றில் ஆவி எவ்வளவு என்று மாதாமாதம் அளந்திருக்கிறோம், இதோ படிவங்கள் என்றது நிறுவனம். படிவங்களில் இருந்தது என் கையெழுத்து.

அவற்றில் கடைசி மூன்றும் பொய். அந்த மூன்று மாதமும் நான் அந்த அறைக்குள் போகவேயில்லை. என் மேசையில் உட்கார்ந்து, முந்தைய மாதத்து எண்ணை எழுதிக் கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். இது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நான் சாட்சி சொன்ன அன்று மகளுக்குப் பதினொரு மாதம். கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் காப்பகத்திலிருந்து காய்ச்சல் என்று அழைத்தால் யார் எடுப்பார்கள் என்ற கவலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தரப்பு வழக்கறிஞர் என்னை எண்களுக்கு நன்றாகத் தயார்படுத்தியிருந்தார். ஜைனப் எழுந்தார். குள்ளமான உருவம், கறுப்புக் கோட்டு, சாம்பல் நிற முக்காடு. படிவக் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். நீதிமன்றத்தில் நடந்தது ஆங்கிலத்தில். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

"இதையெல்லாம் பிறகு பார்ப்போம். உங்கள் வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? காலையிலிருந்து சொல்லுங்கள்."

இதற்கு யாரும் என்னைத் தயார்படுத்தவில்லை. சொன்னேன். கம்பெனிப் பேருந்து, காலைக் கூட்டம், தலைக்கவசம் போடாதவர்களோடு சண்டை, கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ், மதியம் அறிக்கைகள். அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும், "கழுவும் அறை இதில் வரவில்லையே" என்றார்.

"அது மாதம் ஒரு முறை."

"சரி, அப்படி ஒரு நாளைச் சொல்லுங்கள். அந்த அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

வெளிப்பக்கம். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் கடைசியாக நான் அளவுக் கருவியோடு அங்கே போனபோது, முருகையா அண்ணன் உள்ளேயிருந்து கதவைப் பாதி தள்ளித் திறந்துகொண்டு வாசலை மறித்து நின்றார். "மிஸ், நீங்க உள்ள வராதீங்க. இன்னிக்கு வாடை ஜாஸ்தி லா" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.

நீதிமன்றத்தில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைகளில் வெள்ளைத் திட்டுகள்.

"வெளிப்பக்கம்" என்றேன். "ஆனால் மூன்று மாதம் நான் உள்ளே போகவில்லை. அந்த எண்களை நான் அளக்கவில்லை."

"ஏன் போகவில்லை?"

"கர்ப்பமாக இருந்தேன். அந்தக் காற்று குழந்தைக்கு ஆகாது என்று பயந்தேன்."

அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். உங்கள் குழந்தைக்கு ஆகாத காற்றில் இந்த மனிதரை ஏன் விட்டீர்கள்? சாட்சிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜைனப் என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதியிடம், "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நிறுவனம் அதற்குமேல் வழக்கை இழுக்கவில்லை. முருகையா அண்ணனுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. என் வேலை போயிற்று. அதில் எனக்கு வருத்தப்பட உரிமையில்லை.

ஆனால் கேட்கப்படாத அந்தக் கேள்வி வீட்டுக்கு என்னோடு வந்தது, இன்னொரு கேள்வியையும் கூட்டிக்கொண்டு. கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்தைய சில வாரங்களில் நான் அந்த அறைக்குப் போய்வந்திருக்கிறேன். ஒன்றரை வயதாகியும் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஒரு நாள் மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, தேக்காவில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருந்த அவருடைய அலுவலகத்துக்குப் படியேறினேன். என்னைப் பார்த்ததும், "வாங்க எதிர்த்தரப்பு" என்றார். கீழேயிருந்து பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், இரண்டு தே ஓ கொசோங், வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "இத்தனை வருஷம் இதையே பாத்துட்டு இருக்கேன், ஆனா தெரியாது. உறுதியாத் தெரியும்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க. நல்ல டாக்டர் ஒருத்தர் பேர் தர்றேன், காட்டுங்க. அதுக்கு முன்னாடி உங்க மகளோட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சொல்லுங்க."

சொன்னேன். எழுந்ததும் தலையணையை அடிப்பாள். லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்குவாள். அப்பாவின் அலுவலக அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைப்பாள். எல்ஆர்டி ரயில் வந்தால் கை தட்டுவாள், அவளுக்குப் பின்பக்கமாக வந்தால் மட்டும் கவனிக்க மாட்டாள். அவர் குறிப்பெழுதிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. மத்தபடி இதுல எனக்குக் கேஸு ஒண்ணும் கிடைக்கல. சேட்டைதான் இருக்கு."

பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். மகளுக்குக் காதுக்குள் நீர் கட்டியிருந்தது. சரிசெய்தார்கள். இப்போது அவள் வாயை மூட வைப்பதுதான் வீட்டில் பெரும்பாடு. அந்தச் சில வாரங்கள் அவளை ஏதாவது செய்தனவா என்பது மட்டும் இன்றும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதையும் விடவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், அன்று ஏன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை என்று. ஜைனப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முருகையா முதல் நாளே சொல்லிட்டாரு. அந்த மிஸ் வாயும் வயிறுமா இருந்தாங்க, நான்தான் உள்ள வர வேணாம்னேன், அவங்களைப் போட்டு நோகடிக்காதீங்கன்னு. எனக்கு உங்க பதில் வேணும், அது உங்க வாயால வரணும். வந்துடுச்சு. அதுக்கு மேல ஒண்ணு கேட்டிருந்தா அது கேஸுக்காக இல்ல, என் சந்தோஷத்துக்காக."

அன்று மாலையே முருகையா அண்ணனின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. மன்னிப்புக் கேட்டேன். "பாப்பா பேசுதா மிஸ்?" என்றார் அவர்.

பிடோக்கில் ஜைனப்பின் உடலைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். அடக்கத்துக்குப் போகும் பேருந்தில் ஏறப்போன முருகையா அண்ணனிடம், காலையில் வாயைப் பொத்திக்கொண்ட அந்தப் பெரியவர் என்னைக் காட்டி, "இவங்க எதிர்த்தரப்பாமே?" என்றார். முருகையா அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல லா. எங்க கேஸுதான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் அதே வேலைதான் பார்க்கிறேன். மாதாந்திரப் படிவம் மேசைக்கு வரும். நேரம் இருக்காது, பாலர் பள்ளி மூடிவிடும், எண்ணை எழுதிவிட்டுக் கிளம்பக் கை போகும். அப்போது ஜைனப் மேடத்தின் குரலில் ஒன்று கேட்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று. கருவியை எடுத்துக்கொண்டு எழுந்து போவேன். உள்ளே ஆள் நிற்பார். அவர் மூச்சு விடும் இடத்தில் நானும் நின்று, அவர் சுவாசிக்கும் காற்றையே சுவாசித்து, இருக்கிற எண்ணை எழுதுவேன்.