இருபத்தாறு மணித்தியாலம்

நான் என் மாமியாரிடம் பொய் சொன்னேன். கொழும்பிலிருந்து பிராங்பர்ட்டுக்கு விமானம் பறக்க இருபத்தாறு மணித்தியாலம் ஆகும் என்றேன். இடையில் எழும்ப விடமாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையில் ஏறக்குறைய எண்ணாயிரம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் பத்தரை மணித்தியாலம்...

ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ஒன்பது ஆண்டுகளுக்கு முன், என் மனைவி சுகந்தி நிறைமாதமாக இருந்தபோது, மூன்று மாதம் வந்து நிற்கப்போவதாக மாமி தொலைபேசியில் சொன்னார். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்களுடையது இரண்டு அறை வீடு. நான் சோறு பிசைவதில்கூடக் குறை காண்பவர் அவர். பயந்துவிட்டேன். முழங்கால் வலிக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான பொய் அகப்படவில்லை.

"அப்ப ஏலாது, தம்பி," என்றார் மாமி. சுகந்தியிடம் முழங்கால் வலியை மட்டும் காரணமாகச் சொன்னார். அவளும் நம்பினாள்.

இந்த ஆண்டு மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. "எத்தினை மணித்தியாலம் எண்டாலும் வாறன்," என்று மாமி புறப்பட்டுவிட்டார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் வரவில்லை.

நாங்கள் மூவரும் விமான நிலையத்தில் காத்து நின்றோம். விமானம் தரையிறங்கி அரை மணித்தியாலத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. மாமியின் கடவுச்சீட்டு உறையில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்து ஒரு விமானப் பணிப்பெண் அழைத்திருந்தாள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இந்த அம்மா மட்டும் இருக்கைப் பட்டியைக் கழற்ற மறுக்கிறார் என்று ஜெர்மனில் முறையிட்டுவிட்டு, தொலைபேசியை மாமியிடம் கொடுத்தாள்.

"தம்பி, இவையள் என்னை நடுவழியிலை இறக்கப் பாக்கினம். இன்னும் பதினாறு மணித்தியாலம் கிடக்கு. கட்டிக்கொண்டு வந்த புட்டும் சம்பலும்கூட முடியேல்லை. நான் இறங்கமாட்டன்."

"வந்திட்டியள், மாமி. இதுதான் பிராங்பர்ட். இறங்குங்கோ."

"அதெப்பிடி?"

"இண்டைக்கு... பின்காத்து, மாமி."

பின்காற்று! பதினாறு மணித்தியாலத்தை விழுங்கிய பின்காற்று...

"என்னவாம்?" என்றாள் அருகில் நின்ற சுகந்தி.

"பை ஒண்டை மறந்திட்டாவாம்."

மாமி பெரிய பெட்டியோடும் பெரிய சிரிப்போடும் வெளியே வந்தார். மகள் ஒரு கையை மட்டும் நீட்டி, ஜெர்மனில் வணக்கம் சொன்னாள். கட்டியணைக்க விரித்த கைகளை மாமி மெல்ல மடக்கிக்கொண்டார்.

நேற்று மதியம் சுகந்தி வேலைக்குப் போயிருந்தாள். மாமி எனக்குச் சோறு போட்டார்.

"திரும்பிப் போக எத்தினை மணித்தியாலம், தம்பி?"

"பத்தரை, மாமி."

அவர் என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

"பிறந்த பிள்ளையைக் காலிலை போட்டுக் குளிப்பாட்ட எனக்குக் குடுத்து வைக்கேல்லை," என்றார்.

என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார். பெரிய துண்டு. நான் சாப்பிட்டேன்.