சித்தியின் முனகல்கள்

அந்த மருத்துவமனைத் தொடர் வாரத்துக்கு ஒருநாள் மாலை ஏழு மணிக்கு வரும். வேற்று மொழியில் எடுத்து, தமிழில் குரல் சேர்த்தது. பெரிய டாக்டருக்கும் நர்சுகளுக்கும் யார் யாரோ பேசினார்கள். வார்டில் பெயரில்லாமல் படுத்துக் கிடந்த பெண்களுக்கெல்லாம் என் சித்திதான். எங்கள் ஒற்றை அறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். திரையில் யாராவது முனகினால் போதும், "சித்தி! சித்தி!" என்று கத்துவோம்.

"அடப் போங்கடி, அது கட்டில் சத்தம்" என்பாள் சித்தி.

அம்மா சமையல் மூலையிலிருந்து குரல் கொடுப்பாள். "வீட்டுல ஒரு வேலை சொன்னா வாயே திறக்க மாட்டா. அங்க முனகுறதுக்குன்னே ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க."

சித்தியிடம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வயிற்றுவலிக்கு மூச்சை உள்ளே பிடிக்க வேண்டும். எலும்பு முறிவென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முனக வேண்டும். சாவுக்கு ஒன்றுமே செய்யக் கூடாது, மூச்சை விட்டால் போதும். நாங்கள் கெஞ்சினால் வரிசையாகச் செய்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு விக்கல் வந்துவிடும்.

கதையின் பெரிய டாக்டருக்குத் தீராத கால்வலி. மாத்திரைகளை மிட்டாய்போல வாயில் போட்டுக்கொண்டே, யாருக்கும் பிடிபடாத நோயைக் கண்டுபிடிப்பார். எங்களுக்கு அவர்தான் நாயகன். ஒரு வாரம், வலி மாத்திரை கேட்டு ஒரு பெண் வந்தாள். "ஒரே ஒரு மாத்திரை, டாக்டர்! சத்தியமா வலிக்குது!" கடைசியில் அவள் பொய்க்காரி. அதுதான் சித்திக்குக் கிடைத்த பெரிய வேடம், நான்கு வசனம். பல நாள் பிள்ளைகள் அவளைத் தெருவில் பார்த்தாலே அப்படிக் கெஞ்சுவார்கள். அவளும் திருப்பிக் கெஞ்சுவாள்.

வலிக்கிறவர் மேதையாக இருப்பார், இல்லை பொய்யராக இருப்பார். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் அந்தத் தொடரில் வந்ததாக எனக்கு நினைவில்லை. இது அன்று ஏன் உறைக்கவில்லை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, சித்தி ஒலிப்பதிவுக்கூடத்துப் படியில் விழுந்தாள். முதுகெலும்பில் ஜவ்வு விலகிவிட்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் வருட விடுமுறையில் திரும்பியபோது, அவள் தலையணைக்கடியில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. எனக்குத் தெரிந்த மருத்துவம் முழுக்க அந்தத் தொடர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"சித்தி, நீ இதுக்கு அடிமையாயிட்டியா?"

அவள் முகம் சுருங்கியது. "படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றே மாத்திரைகளை அடியோடு நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மைக் முன்னால் நிற்க முடியாமல் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாளைக்கும் இப்படியென்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பதினேழு வருட வேலை. அன்று மாலையே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

காத்திருந்தபோது என் காதருகில் சொன்னாள். "மாத்திரைன்னு வாயத் திறந்தா அந்தப் பொய்க்காரி குரல்தான்டி வருது. யாரு நம்புவாங்க?"

"கொஞ்சம் முனகிக் காட்டேன் சித்தி."

"சும்மாவா? சம்பளம் யாரு தருவா?"

உள்ளே போனதும், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று டாக்டர் கேட்டார். சித்தி குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "ரெண்டு எழுதினீங்க. ரெக்கார்டிங் இருக்கிற நாள்ல மூணு போட்டேன். நாலு நாளா ஒண்ணும் போடல."

"உடம்பு அதுக்குப் பழகிடுச்சும்மா, அதான் நடுக்கம். மெல்ல மெல்லக் குறைப்போம். நீங்களாக் கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்." பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நேரம் நிக்க முடியுது?"

சித்தி யோசித்தாள். "இருபது நிமிஷம்."

ஒரே அறையில் படுத்தெழும் எனக்கு அது தெரியாது. நான் கேட்டதே இல்லை.

உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். ஒலிப்பதிவுக்கூடத்தில் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலி போட்டு, மைக்கைக் கீழே இறக்கினார்கள். முதல் நாள் அவளுக்கு வந்தது, திருடனைத் துரத்தி ஓடும் பெண். சித்தி உட்கார்ந்தபடியே மூச்சிரைக்க ஓடினாள். பிடித்தும்விட்டாள்.