துரைமார் எழுந்து நின்ற விருந்து

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் கேட்டை ஒட்டி இருந்த ரயில்வே கோட்டர்ஸ் வரிசையில் முதல் வீடுதான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கேட்காரர். ரயில் வரும்போது கேட்டைச் சாத்துவார், போனதும் திறப்பார். காத்துக் கிடக்கிற மாட்டுவண்டிக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர் வாயே திறக்கமாட்டார். பதில் சொல்வது என் பொறுப்பு. அதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் அது. மழை நிற்காமல் கொட்டி, கிள்ளான் ஆறு கரை மீறி, ஆற்றோரப் பள்ளத்தில் இருந்த கூலியாட்கள் வீடுகளுக்குள் புகுந்தது. அந்த வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் முந்தின நாளே தண்டவாளத்தைக் காக்கப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் பெண்டுகளும் பிள்ளைகளும் அத்தாப்பு ஓலைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்துகிறார்கள். கேட் அறையில் கனத்த கயிறு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையை இவர் இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மறு முனையைக் கேட் தூணில் ஒரு சுற்று சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். அவர் முன்னால் போகப் போக நான் கயிற்றை விடவேண்டும், உலுக்கினால் இழுக்கவேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார். நிறைமாசக்காரி ஒருத்தி, சின்னப் பிள்ளைகள், யாருடையதோ ஒரு ஆடுகூட. ஒரு தடவை மரம் ஒன்று மிதந்துவந்து மோதி அவர் தலை மறைந்துபோனது. உலுக்கல் வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிவைத்திருக்கவில்லை. நானாகவே இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு சிவந்தது, விடவில்லை. ஒரு பிள்ளையை மார்போடு அணைத்தபடி அவர் மேலே வந்தார். கைக்குழந்தை மாதிரி அப்புறம் பல நாள் அடுத்த வீட்டுக்காரி ஊட்டிவிட்டுத்தான் நான் சாப்பிட்டேன்.

சில மாசம் கழித்து ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், நடையில் கொஞ்சம் மிடுக்கு. வெள்ளைக்கார ராஜாவின் பிறந்தநாளுக்கு ரயில்வே மண்டபத்தில் பெரிய விருந்தாம். வெள்ளத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்களை அங்கே கூப்பிட்டு மெடல் கொடுக்கப் போகிறார்களாம். நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். இவர் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னார். என் கயிற்றையும் சொன்னார். கிராணி என் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுப் பொம்பளை விஷயமெல்லாம் துரைக்கு எதற்கு, பேச்சு நீளமாகிவிடும் என்றார். நான் காபி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

மெடல் கேட்டு நான் அழவில்லை. அதை வைத்து நான் என்ன செய்ய? ஆனால் அந்தக் கயிற்றின் மறு முனையில் ஒருத்தி இருந்தாள் என்று யாராவது ஒருவர், எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. ரொம்பவே இருந்தது. விருந்தில் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

அன்றைக்கு மண்டபம் முழுக்கக் கொடித் தோரணம். ராஜா படத்துக்கு மாலை. கோட்டர்ஸ் பெண்டுகளுக்கு உள்ளே இடமில்லை, வெளி வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். நான் முதல் ஆளாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவர் அடுத்த வீட்டுக்காரரின் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம் பத்தவில்லை. ஒரு பக்கம் சீனப் படகுக்காரர், இன்னொரு பக்கம் மலாய்க்காரப் போலீஸ். அவர்களுக்கும் மெடல். மூன்று பேரும் முள்கரண்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் வந்தன, வந்தபடியே திரும்பிப் போயின.

ராஜாவை வாழ்த்துகிற பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். பெரிய துரை பேசினார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். ஆறு வந்தது, கூரை வந்தது, என் வீட்டுக்காரரின் தைரியம் வந்தது. கயிறுகூட வந்தது. ஆனால் கேட் தூணோடு முடிந்துவிட்டது. தூண்தான் அவரைக் காப்பாற்றியது என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்ற பெண்டுகள் என்னைப் பார்த்தார்கள். நான் தோரணத்தைப் பார்த்தேன்.

மெடல் குத்தி முடிந்ததும் துரை கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தனை வெள்ளைக்காரர்களும் எழுந்தார்கள். இவர் தடாலென்று எழுந்துவிட்டார். பின்னே, துரை நிற்கும்போது கேட்காரர் உட்கார்ந்திருப்பதா? பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை. இவரைப் பார்த்துப் படகுக்காரர் எழுந்தார், போலீஸ் எழுந்து சல்யூட்டே அடித்துவிட்டார். துரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். இவர் இன்னும் விறைப்பாக நின்றார். மண்டபத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. வராந்தாவில் சிரிப்பு கிளம்பியது. கிராணி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

“உனக்கு மரியாதை பண்ணத்தான் அவங்க நிக்கிறாங்க. மரியாதை வாங்குற ஆளு உக்காந்துதான் இருக்கணும். உக்காருயா.”

இவர் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். துரைமார் கிளாஸைத் தூக்கிக் குடித்தார்கள். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வெள்ளத்தில்கூட அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாமல் வருவது அவருக்குப் புதுசு. ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மெடல் கோட்டில் ஆடிக்கொண்டே வந்தது.

வயிறு காய்ந்துதான் வருவார் என்று தெரிந்து சோறும் ரசமும் பொரித்த நெத்திலியும் வைத்திருந்தேன். பாயைப் போட்டு, தட்டை வைத்து, எப்போதும் போலப் பக்கத்தில் நின்றேன். எங்கள் வீட்டில் மட்டுமா, அந்த வரிசை முழுக்க அப்படித்தான். ஆம்பிளை உட்கார்ந்து சாப்பிடுவார், பொம்பளை நின்று பரிமாறுவாள், மிச்சத்தை அப்புறம் அடுப்படியில் தின்பாள். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவிவிட்டு வந்து அகப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீ உக்காரு புள்ள.”

“என்னங்க இது, பசிக்கலையா?”

“பசிக்குது. கிராணி சொன்னாரே, கேட்டேல்ல? நான் நிக்கிறேன். நீ உக்காரு.”

எனக்குச் சுருக்கென்று கோபம்தான் முதலில் வந்தது. அங்கே சொல்லவேண்டியதை இங்கே அடுப்படியில் சொல்கிறாரே என்று. அப்புறம் அவர் நின்ற நிற்பைப் பார்த்தேன். மண்டபத்தில் துரை முன்னால் நின்ற அதே விறைப்பு. கையில் கிளாஸுக்குப் பதில் அகப்பை. உட்கார்ந்தேன்.

பரிமாறத் தெரியாமல் ரசத்தைத் தட்டு தளும்ப ஊற்றினார். நெத்திலி முழுவதையும் என் பக்கம் தள்ளிவிட்டார். உள்ளங்கைத் தழும்பின் மெல்லிய தோலில் உப்பும் காரமும் பட்டு எரிந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். காரம் என்று சொன்னேன், அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தார்.

இப்போது அந்தக் கேட்டும் இல்லை, அவரும் இல்லை. மெடலைப் பேரன் வைத்திருக்கிறான், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறான். பாட்டி, தாத்தாவுக்கு அன்றைக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்கிறான். ஆமாம் என்பேன். எனக்கு நடந்ததை அவனிடம் சொன்னதில்லை. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற வரைக்கும் அந்த மனுஷர் உட்காரவே இல்லை.